ரொம்ப நல்லா இருக்கு, சார்

அப்பாவின் வலது கையில் மாவுக்கட்டு போட்டு அன்றோடு பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் மகள் வீட்டில் முப்பத்தாறு வேளை சாப்பிட்டிருந்தார். முப்பத்தாறு வேளையும் பாராட்டியிருந்தார். மருமகன் மேல் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு இருக்க முடியாது என்பது மகளுக்குத் தெரியும்.

இது புரிய வேண்டுமானால் அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே தட்டில் விழுந்ததை யாராவது நன்றாயிருக்கிறது என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. உப்பு ஒரு கல் தூக்கல், காரம் மூக்கில் ஏறுகிறது, இது குழம்பா தண்ணீரா என்று ஏதாவது ஒரு குறையோடுதான் சாப்பாடு உள்ளே இறங்கும். குறை சொன்னால் நம்ம ஆள். நன்றாயிருக்கிறது என்பது வெளியாளுக்குச் சொல்வது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருஷம் ஊரில் பாதிக் கட்டிடங்களில் ஏறி இறங்கியவர். போன இடத்தில் எல்லாம் டீ கொடுப்பார்கள். கழுநீர் மாதிரி இருந்தாலும் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று குடித்துவிட்டுக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டுக்கு வந்து அம்மா போட்ட டீயில் ஒரு வாய் குடித்ததும், டீத்தூளுக்குப் பஞ்சமா என்று கேட்பார். அதைக் கேட்டால்தான் அம்மாவுக்கு மனுஷன் வீடு வந்து சேர்ந்த நிம்மதி.

மருமகனோ வேறு பாஷை, வேறு ஜனம். தபால் பிரிக்கும் கூடத்தில் விடியற்காலை ஷிப்ட் பார்ப்பவன். வாசல் நிலையில் குனிந்து நுழையும் உயரம் என்பதால் அம்மாதான் அவனுக்கு நெட்டையன் என்று பேர் வைத்தாள். அவனும் அதைப் பட்டம் வாங்கியதைப் போல் ஏற்றுக்கொண்டான். அவன் வீட்டிலோ எல்லாம் தலைகீழ். சமைத்தவர் எதிரில் சாப்பாட்டைக் குறை சொல்வதும் கன்னத்தில் அறைவதும் அங்கே ஒன்று. அவனுடைய சித்தப்பா ஒருவர் கறி வேகவில்லை என்று வாய்தவறிச் சொல்லப்போய், பதினோரு வருஷம் அந்த வீட்டுப் படியை மிதிக்க முடியாமல் கிடந்தார்.

இதெல்லாம் தெரியாத புதுப் பெண், மாமியார் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, மிளகு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்று உரிமையோடு சொன்னாள். பாசத்தில்தான் சொன்னாள், பாவம். மாமியார் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தான். அடுத்த இரண்டு வருஷம் மருமகள் போனால் கடையில் வாங்கிய பிஸ்கட்தான். அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் நடந்த சண்டையில்தான் நெட்டையனுக்கு இரண்டு வீட்டு நியாயமும் விளங்கியது. திட்டினால் பிரியமா, நிஜமாகவா என்று நாலு தடவை கேட்டுக்கொண்டான்.

அடுத்த மாதம் அவன் தன் கையாலேயே கிழங்குக் கறி செய்து மாமனார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அம்மா ஒரு துண்டைக் கடித்தாள்.

"என்னப்பா நெட்டை, கிழங்கு இன்னும் உயிரோட இருக்கு. ரயிலுக்கு நேரமாச்சா?"

நெட்டையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வாக்கியத்தைப் பெண்டாட்டியிடம் எழுதி வாங்கி மனப்பாடம் பண்ணினான். ஆனால் அதே கறியை, அதே வேகாத கிழங்கை, ஒன்று விடாமல் மென்று தின்ற அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு, சார்" என்றார். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. சார் இன்னும் சாராகத்தான் இருந்தான்.

அப்பா அவனை ஒரு நாளும் கடுமையாகப் பேசியதில்லை. வாங்க, உட்காருங்க, எப்படி இருக்கீங்க. மரியாதை கொடுத்தே ஆளைத் தள்ளி நிறுத்துவதில் அவருக்கு ஈடு கிடையாது.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். அப்பா மூன்றாவது மாடியில் தனியாக. ஆயுசு முழுக்க லிஃப்ட் பார்த்த மனுஷனுக்கு லிஃப்ட் இல்லாத கட்டிடம். குளியலறையில் வழுக்கி விழுந்து, கை முறிந்து, கீழ்வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. மகள் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். மூன்று வாரத்துக்கு என்று வாயில் சொன்னாள். மனசுக்குள் இனி எப்போதும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் நாளே அதைக் கேட்டும்விட்டாள்.

"அடுத்தவங்க வீட்ல எத்தனை நாள்மா இருக்கறது? கட்டைப் பிரிச்சதும் கிளம்பிடறேன்," என்றார் அப்பா, வெகு சாதாரணமாக.

அடுத்தவங்க வீடு! மகளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. சமையலறைப் பக்கம் அவர் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட நாற்காலியில் உட்கார்ந்து யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கவில்லை.

மகள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்; பவர் பார்த்து லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவாள். நெட்டையன் மத்தியானமே வந்துவிடுவதால் சமையல் அவன் பொறுப்பு. சில நாளாக அவன் சமையல் சப்பென்று இருந்தது. பருப்பில் உப்பில்லை, சூப்பில் உப்பில்லை. ஒரு நாள் முட்டை கருகிக் கிடந்தது. கேட்டதற்கு, அப்பா வயசுக்கு உப்பைக் குறைப்பது நல்லது என்றான். அவளும் சரிதான் என்று விட்டுவிட்டாள். அப்பா மட்டும் ஒவ்வொரு வேளையும் தட்டைக் காலி பண்ணிவிட்டு அதே வாக்கியத்தைச் சொன்னார்.

பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா போட்டிருந்த கண்ணாடி முழுக்கக் கீறல். போன மாதம்தான் அவள் கையாலேயே பொருத்திக் கொடுத்தது. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கண்ணாடியைச் சும்மா சட்டைப்பையில் போட்டு வைத்தால் என்ன ஆகும், கூடு எங்கே என்று கேட்டாள். எங்கேயோ இருக்கிறது என்று மழுப்பிவிட்டு அவர் நடக்கக் கிளம்பிப் போனார்.

கூடு அவர் படுக்கையில் தலையணைக்கு அடியில் இருந்தது. அவள் கடையின் பெயர் போட்ட நீலக் கூடு. திறந்தால் உள்ளே கண்ணாடி துடைக்கும் துணி இல்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் தூள் உப்பு, வாய் சுருட்டி ரப்பர் போட்டு.

அவள் அப்படியே படுக்கையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மகள் வீட்டில் உப்புக் கேட்க வாய் வரவில்லை அவருக்கு. தெருமுனைக் கடைக்குப் போய், இடது கையால் வாங்கி, இடது கையால் ரப்பர் போட்டு, அவர்கள் முகம் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துத் தட்டில் தூவித் தின்றிருக்கிறார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கூட்டை எடுத்துக்கொண்டுபோய் நெட்டையன் முன்னால் வைத்தாள்.

நெட்டையன் உப்பைப் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது.

"நான் வேணும்னுதான் உப்புப் போடல," என்றான்.

"என்னது?"

"திட்டுவார்னு பார்த்தேன். உப்பில்லாம சமைச்சா யாரா இருந்தாலும் திட்டுவாங்க இல்லையா? ஒரு தடவை திட்டிட்டார்னா அப்புறம் இங்கயே இருப்பார்னு நினைச்சேன்."

இவனை என்ன செய்வது? கை உடைந்த கிழவரைப் பட்டினி போடாத குறையாக வதைத்துவிட்டுப் பச்சைப் பிள்ளை மாதிரி நிற்கிறான். அவள் வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: அவள் கேட்கத் தவித்த அதே வார்த்தைக்காகத்தான் இவனும் தவம் கிடந்திருக்கிறான். கூட்டை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து சாப்பாட்டில் உப்பு இருந்தது. நெட்டையன் பார்த்துப் பார்த்துச் சமைத்தான். நிஜமாகவே நன்றாயிருந்தது. அப்பா சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நல்லா இருக்கு சார் என்றார். கருகிய முட்டைக்கு என்ன குரலோ அதே குரல், ஒரு இம்மி கூடவும் இல்லை குறையவும் இல்லை.

இருபத்தோராம் நாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். உள்ளே கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. மகள் அன்று லீவு போட்டிருந்தாள். நெட்டையனும் ஷிப்ட் மாற்றிக்கொண்டான். நாலு மணிக்கு வண்டி வரச் சொல்லிவிட்டதாக அப்பா அறிவித்தார். பெட்டி ஏற்கெனவே வாசல் பக்கம் வந்திருந்தது. பிறகு சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மூன்று வாரம் உட்கார்ந்து சாப்பிட்டாயிற்று, ஒரு வேளையாவது தான் செய்து போட்டால்தான் மரியாதை என்றார். மகள் உதவிக்குப் போனாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்துச் சோறும் கிழங்குக் கறியும் மேஜைக்கு வந்தன. அப்பாவே பரிமாறினார். பலமில்லாத கையில் கரண்டி ஆடிற்று. மகள் ஒரு வாய் போட்டாள். கிழங்கு பல்லில் நறுக்கென்றது. உப்பு போட்ட தடயமே தெரியவில்லை. குறை சொல்லத்தான் அவளுக்கும் வாய் வந்தது. ஆனால் நாலு மணிக்கு வரப்போகும் வண்டி நினைப்புக்கு வந்தது. இன்னொரு வாய் எடுத்தாள்.

நெட்டையன் ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான். கரண்டியைக் கீழே வைத்தான். அவன் நெற்றி வேர்த்திருப்பதை அவள் கவனித்தாள். அவனுக்குச் சித்தப்பாவின் பதினோரு வருஷம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"உப்பே இல்ல," என்றான் அப்பாவைப் பார்த்து. "கிழங்கு இன்னும் உயிரோட இருக்கு. ரயிலுக்கு நேரமாச்சா?"

அப்பாவின் கை பாதி வழியில் நின்றது. அவனை நிமிர்ந்து பார்த்தார். ஐந்து வருஷத்தில் அவர் அவனை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு இதை?"

"அத்தை."

அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஒரு கிழங்குத் துண்டை எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்தார். அது நசுங்கவில்லை. அவருடைய தாடை ஒரு தரம் இறுகித் தளர்ந்தது.

"உப்பா?" என்றார் அப்பா. "இந்த வீட்ல உப்புன்னு ஒண்ணு இருக்கா? மூணு வாரமா நானும் பார்க்கறேன். எங்க வெச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட இருந்த துளியூண்டு உப்பைப் போட்டேன். போன வாரம் புதன்கிழமை வெச்சியே ஒரு பருப்பு, அது பருப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா? அந்த முட்டை! அடுப்புக் கரிய அள்ளித் தட்டுல போட்ட மாதிரி. ரொட்டி ஒண்ணு பண்ணியே, அதை வெச்சுக் கதவு சாத்தாம நிறுத்தலாம். எல்லாத்தையும் தின்னுட்டு நல்லா இருக்குன்னு சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

கிழமை தப்பாமல், வேளை தப்பாமல், இருபது நாள் சாப்பாட்டையும் எடுத்து விளாசினார். ஒன்றைக்கூட மறக்கவில்லை. நெட்டையன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் வேர்வையும் சிரிப்பும் சேர்ந்து வழிந்தன. மகள் உப்பு டப்பா எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே ஓடினாள். அவளால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சமையலறை மேடையில் நீலக் கண்ணாடிக் கூடு திறந்து கிடந்தது. உள்ளே பிளாஸ்டிக் பை காலி. அவள் உப்பு டப்பாவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கிழங்கை நாளைக்கு நான் பார்த்துச் சொன்னதுக்கு அப்புறம்தான் இறக்கணும். உன் இஷ்டத்துக்கு இறக்கக் கூடாது, கேட்டியா?"

கேட்டேன் என்று நெட்டையன் சொன்னது அவள் காதில் விழவில்லை. நாளைக்கு என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது; டப்பாவின் மூடியில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினாள்.

"என்னம்மா பண்றே உள்ள?" என்று அப்பா கத்தினார். "உப்பு எடுக்கப் போனியா, கடல் தண்ணியக் காய்ச்சப் போனியா?"

அவள் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு டப்பாவோடு வெளியே வந்தாள்.