சுவரில் ஒட்டிய ஆமை

பகலெல்லாம் வலை தைத்த ஆண்கள் எழுந்து போயிருந்தார்கள். செவ்வந்தி வலை பின்னும் கூடத்தைப் பெருக்கி, அறுத்துப் போட்ட நைலான் துண்டுகளை ஒரு மூலைக்குத் தள்ளினாள். கோணியை விரித்துப் பையிலிருந்த புத்தகங்களை எடுத்து வைத்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, சுருட்டி வைத்திருந்த வலைகளின்மேல் சாய்ந்துகொண்டார்கள்.

பூம்புகாருக்குத் தெற்கே கடலை ஒட்டிய குப்பம் அது. செவ்வந்தி பன்னிரண்டாவது வரை படித்தவள், ஊருக்குள்ளேயே வாழ்க்கைப்பட்டவள். வெளியூர் அறக்கட்டளை ஒன்று புத்தகங்களும் மாதாமாதம் ஒரு சிறு தொகையும் கொடுத்து, சாயங்காலங்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டச் சொல்லியிருந்தது. இந்தத் தடவை வந்தவை எல்லாம் பிராணிகளைப் பற்றிய படப் புத்தகங்கள். வாத்துக் காலில் எதற்குச் சவ்வு, கொக்குக்கு எதற்கு அத்தனை நீள மூக்கு, பனிக்கரடியின் தோலுக்கடியில் எதற்கு அவ்வளவு கொழுப்பு. வாழ்கிற இடத்துக்குத் தக்கபடி உடம்பு எப்படி அமைந்துவிடுகிறது என்று ஒவ்வொரு புத்தகமும் சொன்னது.

ஒட்டகத்தின் முதுகில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. தீனி கிடைக்காத காலத்தில் அதைக் கரைத்து உயிர் வாழும் என்று அவள் படித்தாள். தன் சித்தப்பாவும் அப்படித்தான், மீன்பிடித் தடைக்காலத்துக்கென்று இப்போதே வயிற்றில் சேர்த்து வைத்திருக்கிறார் என்றான் நிதிஷ். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். செவ்வந்தியும் சிரித்துவிட்டாள்.

பிறகு கடலாமைப் புத்தகத்தை எடுத்தாள். ஆமையின் கால் துடுப்பு மாதிரி இருக்கும். ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ள அதால் முடியாது. தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் அதற்கு நம்மைப் போல நுரையீரல்தான், மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். அபிநயா முட்டிபோட்டு முன்னால் நகர்ந்து வந்தாள்.

"வலையில மாட்டிக்கிச்சுன்னா?"

புத்தகத்தில் அது இல்லை. செவ்வந்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, மேலே வர முடியாது, மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்றாள்.

அன்று வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு ஆளுக்கொரு புத்தகம் எடுத்துப் போனார்கள். ஆமைப் புத்தகத்தை மட்டும் யாரும் தொடவில்லை. ஆமை வீட்டுக்குள் வரக் கூடாது, படத்தில் இருந்தாலும் அம்மா திட்டும் என்றாள் அபிநயா. செவ்வந்தியும் அந்தப் புத்தகத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகாமல், கூடத்து மூலையில் மிதவைக் கட்டுகளுக்குப் பின்னால்தான் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பிள்ளைகளை ஆமை வரையச் சொன்னாள். வரைந்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதென்பதால், சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவிக் கூடத்தின் நீலப் பட்டை போட்ட சுவரிலேயே வரிசையாக ஒட்டினாள். எல்லாப் படத்திலும் படகு இருந்தது. எல்லாப் படகிலும் நம்பர் இருந்தது. தூரத்தில் வருகிற படகை அதன் நம்பரைக் கொண்டு யாருடையதென்று கண்டுபிடித்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நம்பர் இல்லாமல் படகு வரைய அவர்களுக்குத் தெரியாது. அபிநயாவின் படத்தில் படகுக்குப் பின்னால் நீளமாக ஒரு வலை. அதற்குள் தலைகீழாக ஆமை. மேலே ஓர் ஆள் இன்னோர் ஆமையைத் துடுப்புக் காலைப் பிடித்துக் கடலுக்குள் வீசிக்கொண்டிருந்தான். படகில் இருந்த நம்பர் அவள் தாத்தா அமிர்தலிங்கத்தின் விசைப்படகுடையது.

செவ்வந்தியின் கணவன் மணிவண்ணன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தப் படகில்தான் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை அறக்கட்டளையிலிருந்து செந்தில்குமார் வண்டியில் வந்தான். சுவரைப் பார்த்ததும் அவனுக்கு ரொம்பச் சந்தோஷம். பிள்ளைகள் பாடத்தைத் தங்கள் வாழ்க்கையோடு சேர்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றான். ஒவ்வொரு படமாகப் போனில் எடுத்துக்கொண்டான். டீ குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் மீன் இறக்குகிற துறையில் அதிகாரிகள் காத்திருந்தார்கள். ஆமை முட்டையிட வருகிற மாதங்கள் அவை; கரைக்குப் பக்கத்தில், கடலடியை வாரிக்கொண்டு வருகிற இழுவைமடி வலையைப் போடக் கூடாது. போடக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் போடுகிறார்கள் என்பதும் தெரியும். கரை சேர்ந்திருந்த மற்ற படகுகளையெல்லாம் விட்டுவிட்டு அவர்கள் நேராக அமிர்தலிங்கத்தின் படகுக்கு வந்தார்கள். ஓர் அதிகாரி கையிலிருந்த போனைப் பார்த்தார், படகின் நம்பரைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். மீன் கூடையை இறக்கிக்கொண்டிருந்த மணிவண்ணன் எட்டிப் பார்த்தபோது திரையில் ஒரு பென்சில் படமும் நீலப் பட்டை போட்ட சுவரும் தெரிந்தன. அவனுக்குப் பின்னால் நின்ற அமிர்தலிங்கமும் அதைப் பார்த்தார்.

படகைப் பிடித்து வைத்தார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் ஊரின் மற்ற விசைப்படகுகளுக்கும் கடலுக்குப் போகிற டோக்கன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மணிவண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் அவள் போனை எடுத்து, யார் யாருக்குப் பேசியிருக்கிறாள் என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். செவ்வந்தி குழம்புச் சட்டியோடு நின்றாள்.

"இது யாரு நம்பரு?"

"கேஸ் சிலிண்டர்காரன்."

"இது?"

"செந்தில் தம்பி. புக்கு குடுக்குறவரு. உனக்குத் தெரியாதா?"

அவன் போனைக் கீழே வைத்தான். அதைக் கவிழ்த்து வைத்தான்.

சாயங்காலம் கூடத்துக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. சுவரில் படங்கள் இல்லை, காய்ந்த பருக்கை மட்டும் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தது. குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் மற்றவர்கள் தடைக்காலம் எப்போது, கருவாடு என்ன விலை என்று பேச ஆரம்பித்தார்கள். நேற்றுவரை அவளோடு பேசியவர்கள்தான். செந்தில்குமாருக்குப் போன் செய்தாள். படத்தை அறக்கட்டளையின் இணையப் பக்கத்தில் போட்டதாகவும், நிறையப் பேர் பார்த்துப் பாராட்டியதாகவும் சொன்னான். நம்பரை மறைத்துப் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, அது நம்பர் என்றே தான் கவனிக்கவில்லை, பிள்ளை ஏதோ அலங்காரம் செய்திருக்கிறது என்று நினைத்ததாகச் சொன்னான். ஊருக்கு வந்து நாலு பேர் முன்னால் இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாள். மேலிடத்தில் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான். பிறகு போனை எடுக்கவில்லை.

பஞ்சாயத்து கூடுவதற்கு முன்னால் கலைமகள் கொல்லைப்பக்கமாக வந்தாள். அமிர்தலிங்கத்தின் மகள், அபிநயாவின் தாய். புருஷன் சிங்கப்பூர் போனவன். பணமும் அனுப்புவதில்லை, போனும் எடுப்பதில்லை. பிள்ளையோடு அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். துணி துவைக்கிற கல்லருகே குனிந்து உட்கார்ந்துகொண்டு அடங்கிய குரலில் பேசினாள். ஆமைப் பாடம் நடந்த அன்று ராத்திரி அப்பா சாப்பிடும்போது, வலையில் ஆமை வந்ததையும் தூக்கி எறிந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார், பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டது என்றாள்.

"புள்ள பேர மட்டும் சொல்லிடாத செவ்வந்தி. அப்பாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடுவாரு. மணி அத்தான் வேலைக்கு நான் பொறுப்பு. நான் பேசுறேன் அப்பாகிட்ட."

செவ்வந்தி சரி என்றாள். சரி என்று சொன்ன பிறகுதான், கலைமகள் தானாகத்தான் வந்தாளா, அல்லது யாராவது அனுப்பி வந்தாளா என்று நினைத்தாள். அதற்குள் கலைமகள் வேலியைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள்.

மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள். படகுக்காரர்கள் ஒரு பக்கம், தொழிலாளிகள் ஒரு பக்கம் நின்றார்கள். பெண்களை அங்கே கூப்பிடுவது வழக்கமில்லை, ஓரமாக நின்று பார்ப்பார்கள். செவ்வந்தியை வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். அமிர்தலிங்கத்தின் படகால்தான் தங்கள் படகுகளும் கரையில் கிடக்கின்றன, அவர்தான் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு படகுக்காரர்கள் முதலிலேயே சத்தம் போட்டார்கள். அமிர்தலிங்கம் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் துரைக்கண்ணு அவர்களைக் கையமர்த்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"புள்ளைங்களுக்கு என்னம்மா சொல்லிக்குடுத்த?"

"ஆமை எப்படி மூச்சு விடுதுன்னு சொன்னேங்க."

"அது மூச்சு விட்டா உனக்கென்ன, விடாட்டி உனக்கென்ன? உன் புருஷன் மூச்சு விடுறானான்னு பாத்தியா?"

கூட்டம் சிரித்தது. தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, புத்தகம் கொடுக்கிறவர் எடுத்துப் போட்டுவிட்டார் என்று செவ்வந்தி சொன்னாள். அந்த ஆளை யார் ஊருக்குள் கூட்டி வந்தது என்று ஒரு குரல் கேட்டது. அறக்கட்டளை கொடுப்பது போக மீன்துறையும் தனியாக ஏதாவது கொடுக்கிறதா என்று இன்னொரு குரல் கேட்டது. துரைக்கண்ணு மணிவண்ணனை முன்னால் கூப்பிட்டார். வெளியாட்களோடு அவளுக்குப் பழக்கம் உண்டா என்று கேட்டார். மணிவண்ணன் செவ்வந்தியின் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு தெரியாதுங்க. நான் கடலுக்கு போயிடுறேன்."

செவ்வந்தி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், படகு நம்பரை எழுதி வரைந்தது எந்தப் பிள்ளை, அதை முதலில் சொல்லச் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயெடுப்பதற்குள் அமிர்தலிங்கம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அத வுடுங்க. பச்சப் புள்ளைங்க, அதுங்களுக்கு என்ன தெரியும். வரைய வச்சவள கேளுங்க."

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் கோயில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரைந்தது பேத்திதான் என்று அவருக்குத் தெரியும் என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. துறையில் அந்தப் போனை எட்டிப் பார்த்தபோதே தெரிந்திருக்கும். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. கூட்டத்தின் ஓரத்தில் கலைமகள் பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்து நின்றாள்.

"எல்லாப் புள்ளைங்களும் சேந்துதான் வரைஞ்சாங்க பெரியப்பா," என்றாள் செவ்வந்தி, அமிர்தலிங்கத்தைப் பார்த்து.

முதலில் சத்தம் போட்ட படகுக்காரர்கள் அதற்குமேல் அமிர்தலிங்கத்தை எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் இனி வகுப்பு வேண்டாம் என்று முடிவாயிற்று. மணிவண்ணனைப் பற்றி யாரும் தீர்ப்பு என்று எதுவும் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருக்கட்டும் என்று அமிர்தலிங்கம் சாதாரணமாகச் சொன்னார். மற்ற படகுக்காரர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

அறக்கட்டளையிலிருந்து வேறொருவர் போன் செய்தார். வகுப்பை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி, புத்தகங்களைக் கட்டிப் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னார். அவள் கட்டிக் கொடுத்தாள். கலைமகளை இரண்டு தடவை மளிகைக் கடையில் பார்த்தாள். முதல் தடவை, அப்பா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார், நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றாள் கலைமகள். இரண்டாம் தடவை, எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். மணிவண்ணன் பக்கத்து ஊர்களில் ஏறி இறங்கினான். எந்தப் படகு, யாருடைய புருஷன் என்று கேட்டுவிட்டு அங்கேயும் ஆள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளங்களை உடைத்துப் படகுகளுக்குச் சுமக்கிற வேலை கிடைத்தது.

பிடித்து வைத்த படகை விடுவித்து, எல்லாப் படகுகளுக்கும் மறுபடி டோக்கன் கொடுத்தார்கள். வலைக்குள் வருகிற ஆமை வெளியேறிப் போகிற மாதிரி ஒவ்வொரு இழுவைமடியிலும் ஒரு கம்பிக்கூண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும் என்று கட்டளை. அது வழியாக மீனும் போய்விடும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

படகுகள் புறப்படுகிற காலையில் செவ்வந்தி கஞ்சித் தூக்கோடு துறைக்குப் போனாள். அமிர்தலிங்கத்தின் படகு புதிதாகப் பெயின்ட் அடித்து நின்றது. கம்பிக்கூண்டு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டிரைவர் அறையின் மேல் பார்வைக்குத் தெரிகிற மாதிரி கட்டியிருந்தது. அதில் யாருடைய லுங்கியோ காய்ந்துகொண்டிருந்தது. பின்பக்கத்தில் இழுவைமடி பழையபடியே சுருட்டிக் கிடந்தது.

மணிவண்ணன் உடைத்த ஐஸைக் கூடையில் சுமந்துகொண்டு படகோரம் வந்தான். பழக்கத்தில் வலது காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தான். உள்ளிருந்து டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கேருந்தே குடு மணி."

அவன் காலை எடுத்துத் தரையில் வைத்தான். அவனுடைய இடத்துக்கு வந்திருந்த புது ஆள் கை நீட்டிக் கூடையை வாங்கினான். கூடையிலிருந்து வழிந்த தண்ணீர் மணிவண்ணனின் கழுத்தில் விழுந்து, சட்டைக்குள் முதுகு நெடுக இறங்கியது. அவன் அடுத்த கூடைக்குத் திரும்பினான்.