புளித்தண்ணீரில் ஊறிய வெள்ளைத் தட்டு

கன்றுக்குட்டியின் உடம்பில் சூடு ஆறுவதற்குள் கொலைகாரன் யார் என்று சந்திரன் முடிவு செய்துவிட்டான்.

"கண்ணாயிரந்தான். முந்தாநேத்து அவன் சாமைக் காட்டுல வாய் வச்சிச்சு, அந்தக் கத்து கத்துனான். இன்னிக்குச் செத்துக் கெடக்குது. வேற இன்னா சாட்சி வேணும்?"

அந்தக் கண்ணாயிரமே கடப்பாரையோடு வந்து கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிக்கொண்டிருந்தார். "வெட்டி முடிச்சதும் என்னையும் இதுலயே தள்ளிடு மாப்ளே. வேலை மிச்சம்," என்றார் நிமிராமல்.

சந்திரனின் மனைவி செவ்வந்தி இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. அவள் கண் மகள் மேலேயே இருந்தது. ஏழு வயது கவியா கன்றின் காதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தண்ணீர் என்றாலே செவ்வந்திக்குப் பயம். அவர்கள் ஊரான ஆலமடுவில் போர்க் குழாய்த் தண்ணீரில் காரீயம் கலந்திருந்தது. அது கவியாவின் ரத்தத்திலும் ஏறியிருந்தது. ஓயாத வயிற்று வலி, வெளிறிய முகம், நேற்றுப் படித்தது இன்று மறந்துபோகும். வேலூரில் தண்ணீர் ஆராய்ச்சி செய்யும் சசிகலா, இவர்கள் வீட்டுக்கு ஒரு வடிகட்டி கொண்டுவந்து வைத்த பிறகுதான் பிள்ளை முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

வடிகட்டியின் உயிர் அதற்குள் இருக்கும் சிலிக்காத் தட்டு. வெள்ளை வெளேரென்று, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு இருக்கும். தண்ணீர் துளை வழியாக நழுவிப் போய்விடும். காரீயம் துளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும்.

தட்டு மாற்றுவதற்காக வேலூரிலிருந்து அமிர்தி வழியாக பஸ்ஸில் வந்த சசிகலா, வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"எப்படிக்கா செத்துச்சு?"

"ராத்திரி பூரா பல்லை நறநறன்னு கடிச்சுது மேடம். கண்ணு தெரியாத மாதிரி செவுத்துல போய்ப் போய் முட்டிச்சு."

சசிகலாவின் முகம் மாறியது. நேராக உள்ளே போய் வடிகட்டியைத் திறந்தாள். மாதக்கணக்கில் ஓடிய தட்டு பழுப்பேறியிருக்க வேண்டும். புதுசு போலப் பளபளத்தது.

"இது எப்படிக்கா இவ்ளோ வெள்ளையா இருக்குது?"

அந்தத் துக்கத்திலும் செவ்வந்தியின் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "தண்ணி சரியா எறங்கல. பித்தளைக் குடத்துக்குப் போடற மாதிரி பழம்புளி கரைச்சு முந்தாநேத்து ராவெல்லாம் ஊற வச்சேன். எங்க வூட்டுப் புளிதான். எப்பேர்ப்பட்ட கறையும் வுட்டுடும்."

"ஊற வச்ச தண்ணிய இன்னா பண்ணீங்க?"

"புளித்தண்ணிய எவளாச்சும் கீழ ஊத்துவாளா? தவிடு போட்டுக் கழனித் தொட்டியில..."

அவள் கண் கன்று குடிக்கும் தொட்டியின் பக்கம் திரும்பியது.

சசிகலா தொட்டியின் அடியில் கிடந்ததை வடித்து, கண்ணாடிக் குழாயில் எடுத்து, மருந்து இரண்டு சொட்டு விட்டாள். பளிச்சென்று மஞ்சள் பூத்தது. மஞ்சள் என்றால் காரீயம். யாரும் அவளை விளக்கம் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"இத்தனை நாளா தட்டு புடிச்சு வச்சிருந்ததை எல்லாம் புளி ஒரே ராத்திரியில கழட்டி வுட்டுடுச்சு. தட்டைத் தொடாதீங்கன்னு சொன்னேன். ஏன்னு சொல்லாம போனது என் தப்புக்கா."

சந்திரன் பாய்ந்து வடிகட்டியைத் தூக்கினான். "இந்த எழவை மொதல்ல பள்ளத்துல வீசறேன்."

செவ்வந்தி குறுக்கே வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வையி. இது இல்லன்னா அந்த வெஷம் மொத்தமும் உம் பொண்ணு வயித்துக்குள்ள போயிருக்கும்."

சந்திரன் வடிகட்டியை விட்டான். வெளியே போனவன், கண்ணாயிரத்தின் பக்கத்தில் நின்று மண்வெட்டியை எடுத்து மண்ணை வாரினான்.

"அந்த எடம் வேணாம்ணா," என்றாள் சசிகலா. "போருக்குக் கிட்ட இருக்குது. தள்ளிப் போய் ஆழமா வெட்டுங்க."

கண்ணாயிரம் வியர்வையைத் துடைத்தார். "வா மாப்ளே. இன்னொண்ணு வெட்டலாம்."

புதுத் தட்டு போட்டு, தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கேனில் அடைத்து எடுத்துக்கொண்டு சசிகலா கிளம்பினாள். செவ்வந்தி டம்ளரில் தண்ணீர் பிடித்து மகளிடம் நீட்டினாள்.

"குடி கண்ணு."

"நீதான் அதுக்கு ஊத்துனியா?"

தெரியாமல் நடந்தது என்று சொல்லியிருக்கலாம். செவ்வந்தி சொல்லவில்லை. "ஆமா. நாந்தான்."

கவியா அம்மாவின் கையையே பார்த்தாள். பிறகு எழுந்து டம்ளரைத் தாண்டிப் போனாள். தானே ஒரு சொம்பைத் தேடி எடுத்து, வடிகட்டிக் குழாயைத் திறந்து, நின்றபடியே குடித்தாள்.

அவள் குடிக்கிறாள் என்பதே போதும் என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டாள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் காரீயம் நன்றாகக் குறைந்திருந்தது. அம்மா கையிலிருந்து மட்டும் அவள் தண்ணீர் வாங்குவதில்லை.