அகண்டமும் தண்ணி லாரியும்

கவியரசன் அந்தப் பெட்டியைச் செய்யக் காரணம் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து அவன் மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, பெண்ணின் சித்தப்பா பக்கத்தில் வந்து குனிந்து, "பாவம், ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் வேலையா தம்பி? முடிச்சிட்டு சாப்பிட வாங்க" என்று கரிசனமாகச் சொல்லிவிட்டுப் போனார். பாடிக்கொண்டிருந்த தமயந்திக்குச் சிரிப்பில் ஒரு வரி கழன்று விழுந்தது. டிரம்ஸ் வாசித்த டேரில் குச்சியைக் கடித்துக்கொண்டான்.

கவியரசன் மட்டும் சிரிக்கவில்லை. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் அவன் புராடக்ட் மேனேஜர். அவமானத்தை அவமானமாகவே விட்டுவிடும் பழக்கம் அந்த உத்தியோகத்தில் கிடையாது. அதற்கு ஃபீட்பேக் என்று பெயர் சூட்டி, திட்டமாக்கி, தேதியும் குறித்துவிடுவார்கள்.

அடுகோடியில் டேரில் வீட்டு மாடி அறையில்தான் மூவரும் பயிற்சி செய்வார்கள். அடுத்த வாரமே அந்த அறையின் சுவரில் ஸ்லைடுகள் ஓட ஆரம்பித்தன.

"இதுக்குப் பேரு அகண்டம்" என்றான் கவியரசன். சுவரில் ஒரு மரப்பெட்டியின் படம் தெரிந்தது. அதன்மேல் வரிசையாகக் குமிழ்களும், விரலால் தட்டச் சில ரப்பர் கட்டைகளும் இருந்தன.

"இதுல என்ன மாதிரி சத்தம் வரும்?" என்று தமயந்தி கேட்டாள்.

"இதுல சத்தமே வராது. இது மிடி கன்ட்ரோலர். லேப்டாப்புக்குள்ள இருக்கிற வாத்தியங்களுக்கு இது ஆர்டர் போடும். நீ ஆரம்பி, நீ நிறுத்து, நீ கொஞ்சம் அடக்கி வாசின்னு. வாசிக்கிறது அதுங்க."

"அதாவது, தான் ஒண்ணும் செய்யாது. செய்யறவங்களுக்கு சொல்லிக்கிட்டே இருக்கும்."

"எக்ஸாக்ட்லி!"

"அப்ப உன் வேலையேதான்."

"சக்கத், தமா!" என்று பாராட்டி டேரில் சிம்பலில் ஒரு தட்டுத் தட்டினான்.

கவியரசன் அடுத்த ஸ்லைடுக்குப் போனான். மேனேஜர்களுக்குக் காது கேட்காத இடங்கள் சில உண்டு.

மாதக்கணக்கில் பெட்டி வளர்ந்தது. எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடை கடையாக ஏறிக் குமிழ்களைத் திருகிப் பார்த்தான். திருகும்போது விரலுக்கு ஒரு 'அர்த்தம்' கிடைக்க வேண்டுமாம். கடைக்காரர் ரேடியோவுக்குப் போடுகிற குமிழைக் காட்டியதும் இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. கடைசியில் தேக்கில் கடைந்து எடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். எது எதற்கென்று ஓர் எழுத்துகூடக் கிடையாது.

"மேல எழுதி வெச்சா என்ன?" என்றாள் தமயந்தி. பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறவள். பேர் ஒட்டாத சீசா எதையும் அவள் தொடமாட்டாள்.

"கலைஞனுக்கு லேபிள் ஒட்டறது அவனை அவமானப்படுத்தற மாதிரி."

நடுவில் இருந்த பெரிய குமிழுக்கு மட்டும் 'உலகம்' என்று பெயர். அதைத் திருகினால் வாத்தியம் மாறும். தம்புரா உலகம், வயலின் உலகம், மணி உலகம் என்று ஏழு உலகங்கள். அந்தக் குமிழ் எங்கும் முட்டி நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். அகண்டத்துக்கு ஏது ஆரம்பம், ஏது முடிவு என்று கேட்டான் கவியரசன்.

"ஆரம்பிச்ச சத்தம் நிக்காம மாட்டிக்கிச்சுன்னா?" என்று தமயந்தி விடவில்லை. "போன தடவை பிராக்டிஸ்ல மாட்டிச்சே. கடைல விக்கிறதுல எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்த ஒரு பேனிக் பட்டன் இருக்கும்னு நீதானே சொன்ன?"

கவியரசன் இதைத் தன்னிச்சையாக முடிவுசெய்கிறவன் இல்லை. முறைப்படி டேரிலைத் தனியே உட்காரவைத்துப் பேட்டி எடுத்தான்.

"மேடைல உனக்கு பேனிக் ஆச்சுன்னா முதல்ல என்ன பண்ணுவ?"

"டீ குடிப்பேன் மச்சா."

"பட்டன் எதுவும் தேடமாட்டியே?"

"டீக்கு எதுக்கு பட்டன்?"

பயனர்களுக்கு இது தேவை இல்லை என்று ஆய்வில் தெரியவந்தது. பேனிக் பட்டன் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

தமயந்திக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், ஜூலியா வருகிறாள் என்ற சேதி வராமலிருந்தால். ஜூலியா ஒரு பெரிய இசை விழாவுக்குப் பாடகர்களைத் தேர்ந்தெடுக்கிறவள். சின்ன வயதில் டேரிலோடு ஒரே சர்ச் கொயரில் பாடியவள். அந்த உறவுக்காக, வைட்ஃபீல்டில் ஒரு பீர்க்கடையின் மொட்டைமாடியில் இவர்கள் வாசிக்கும் சனிக்கிழமை மாலை வந்து கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தாள். சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்று போதும், அடுத்தவர் பாட்டு வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள்.

தமயந்தியிடம் சொந்தப் பாட்டு ஒன்று இருந்தது. சந்தாபுராவில் அவள் குடியிருக்கும் தெருவில் கோடை வந்தால் தண்ணி லாரிதான் கதி. காதலனுக்குக் காத்திருப்பதுபோல லாரிக்குக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு அது. வருஷக்கணக்காகக் கல்யாண வீடுகளில் யார் யார் பாட்டையோ பாடியவளுக்கு, இதை முன்பின் தெரியாதவர்கள் எதிரில் பாடுவது இதுதான் முதல் தடவை. இது போனால் மறுபடியும் ஜூலியா வரப்போவதில்லை.

அன்று மாலை மேடைக்குப் போனபோது லேப்டாப்பையே காணோம். கவியரசன் அதை அகண்டத்தின் மரப்பீடத்துக்குள் வைத்து, சுற்றிலும் ஸ்குரு போட்டு மூடியிருந்தான். எந்தச் சித்தப்பாவும் இனி கண்டுபிடிக்க முடியாது.

"என் மைக்கு எங்க போகுது?" என்றாள்.

"அதுவும் அகண்டத்துக்குள்ளதான். உன் குரலையும் நான் மோல்ட் பண்ணுவேன்."

"என் குரல் நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு. ஆனா ஒரு ஜர்னி இல்ல."

டேரில் அவள் தோளைத் தட்டி, "விடு தமா, இப்ப சண்டை வேணாம்" என்றான். ஜூலியா இரண்டாவது மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

கவியரசன் கண்களை மூடினான். இடது கை விரலால் ஒரு கட்டையை அழுத்தினான். தம்புரா உலகத்திலிருந்து கனத்த, அடிவயிற்றை உலுக்கும் ஒரு சுரம் எழுந்தது. விரலை எடுக்குமுன்பே, கூட்டம் பார்க்கவேண்டும் என்று வலது கையை வானத்துக்கு உயர்த்தி இறக்கி, 'உலக'த்தை ஒரு சுழற்றுச் சுழற்றினான். பிறகு விரலை எடுத்தான்.

சுரம் நிற்கவில்லை.

'ஆரம்பி' என்ற ஆணை தம்புராவுக்குப் போயிருந்தது. அதற்குள் உலகம் மாறிவிட்டதால் 'நிறுத்து' என்ற ஆணை வயலினுக்கோ மணிக்கோ போய்ச் சேர்ந்தது. ஆர்டர் வேறு டிபார்ட்மென்ட்டுக்குப் போனால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. மணி ஏற்கனவே சும்மாதான் இருந்தது. தம்புராவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அது பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தது.

பழைய உலகத்துக்குத் திரும்பி அதே கட்டையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் பழைய உலகம் எந்தப் பக்கம்? குமிழில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. கவியரசன் வலப்பக்கம் திருகினான், இடப்பக்கம் திருகினான். வேர்த்துக் கொட்டியது. தலையைப் பின்னால் எறிந்து முழங்கையால்கூட ஒன்றைத் தள்ளிப் பார்த்தான். முன்வரிசையில் ஒருவன் போனை எடுத்து, "என்ன ஃபீல் பாரு மகா!" என்று பக்கத்து நண்பனிடம் வியந்து படம் பிடிக்க ஆரம்பித்தான்.

ம்ம்ம்ம் என்று அது மொட்டைமாடி முழுக்க உறுமிக்கொண்டிருந்தது.

ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்ட சின்னப்பா என்பவர் மேடையோரம் ஓடிவந்தார். "மேடம், ஏன் மாட்லி? என்ன பண்ணட்டும்? ஆஃப் பண்ணிடட்டா?"

"என் மைக்கு?"

"அதுவும் இதே ஒயர்லதான் வருது. போச்சுன்னா ரெண்டும் போயிடும்."

"பீடத்தைத் திறக்கலாமே!" என்று டேரில் பல்லைக் கடித்தபடி கேட்டான்.

"ஸ்குரு டிரைவர் கார்ல இருக்கு" என்றான் கவியரசன், கண்ணைத் திறக்காமல்.

ஜூலியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தமயந்தி அதைப் பார்த்தாள்.

பாட்டை அவள் போட்டது ஆறு கட்டை சுருதியில். உறுமுவது இரண்டு கட்டை. அதை ஷட்ஜமாக வைத்தால் மேலே போகும்போது குரல் எட்டாது. பஞ்சமமாக வைத்துக்கொண்டால்? ஐந்து கட்டைக்கு இறங்கவேண்டும். வாய்க்குள் முனகிப் பார்த்தாள். உட்கார்ந்தது. இன்னொரு தடவை அந்த உறுமலைக் கேட்டாள். இது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். சந்தாபுராவில் விடிந்தும் விடியாமலும் தினம் கேட்கிறவள் ஆயிற்றே.

மைக்கைப் பிடித்தாள். "பயப்படாதீங்க. தண்ணி லாரி வந்திருக்கு. கீழ மோட்டார் ஓடுது."

மாடி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. வைட்ஃபீல்டில் தண்ணி லாரியைப் பற்றி யாருக்கும் அருஞ்சொற்பொருள் தேவையில்லை. "எங்க பிளாக்குக்கு ரெண்டு லோடு!" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு அடங்குமுன் அவள் எடுத்தாள்.

*வரேன்னு சொன்னவனே, வளைவுல நின்னவனே,*
*குடத்தோட நான் நிக்கிறேன், கோணத் தெருவுல…*

டேரில் டிரம்ஸை விட்டுவிட்டுக் காலடியில் கிடந்த காலி பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான். குடத்தைத் தட்டுவதுபோலவே இருந்தது. மோட்டார் ஓடியது, பாட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்து போனது. இரண்டாம் சரணத்தில் கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. நடுவில் கவியரசன் எதுவுமே செய்யாத குமிழ்களை உயிரைக் கொடுத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

கடைசி வரி வந்தபோது தமயந்தி டேரிலைத் திரும்பிப் பார்த்தாள். "டேங்க் ரொம்பிடுச்சு. மோட்டாரை ஆஃப் பண்ணுங்கப்பா!"

டேரில் எட்டி ஒயரைப் பிடுங்கினான். பொட்டென்று நிசப்தம். அப்புறம்தான் எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

ஜூலியா நேராகத் தமயந்தியிடம்தான் வந்தாள். "டிசம்பர்ல எங்க மேடைல பாடணும். இந்தப் பாட்டு கட்டாயம். அந்த மோட்டாரும் வேணும். யாரோட ஐடியா அது?"

கவியரசன் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "அது வந்து, நாங்க ரொம்ப ரிசர்ச் பண்ணி…"

"பேட்டிகூட எடுத்தாரு. நான்தான் பயனர்" என்றான் டேரில்.

"ஐடியா என்னோடது. சத்தம் இவனோடது" என்றாள் தமயந்தி. அவளுக்கு அன்று தாராள மனசு.

டிசம்பருக்கு முன்பே இரண்டாம் கட்டம் தயாராகிவிட்டது. பேனிக் பட்டனைத் தவிர மீதி எல்லாவற்றையும் மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளும்படி தமயந்தி சொல்லிவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, அதில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் மோட்டார் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். 'மோட்டார்' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. பெட்டி தமயந்தியின் கையில் இருந்தது. கவியரசன் பழையபடி லேப்டாப்போடு உட்காரலாம், கல்யாண வீடென்றால் சாப்பாட்டுக்கும் போகலாம்.

அடுகோடியில் ஒத்திகை பார்க்க ஜூலியா வந்திருந்தாள். மோட்டார் ஓட, கவியரசன் அவளுக்கு ஸ்லைடைக் காட்டிக்கொண்டிருந்தான். "ஒரே பொத்தான்ங்கிறது சும்மா வந்த முடிவு இல்ல. குறைக்கறதுங்கிறது ஒரு தத்துவம். நாங்க அதை ஒரு பயணமா…"

தமயந்தி பொத்தானை அழுத்தினாள். மோட்டார் நின்றது. கவியரசன் நிற்கவில்லை.