முட்டைக்கோஸும் கோழியும்

கிளைவ் ஆட்டவேயின் வலது கையை மட்டும் யாராவது கட்டிப்போட்டிருந்தால் மனிதர் நிம்மதியாக வாழ்ந்திருப்பார். எழுபத்தொரு வயது. இங்கிலாந்தின் டார்செட் மாவட்டம் முழுக்க அவர் கால் படாத பழைய மாளிகை கிடையாது, அவர் தலை இடிக்காத சர்ச் வாசல் கிடையாது. போகிற இடத்திலெல்லாம் வாசலருகே பார்வையாளர் புத்தகம் திறந்து கிடக்கும், நூலில் கட்டிய பேனா தொங்கும். மற்றவர்கள் 'அழகு, அமைதி' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கிளைவ் உண்மையை எழுதுவார். எழுதியதோடு விடுவாரா? முழுப்பெயர், ஊர், தேதி, எல்லாம் கல்வெட்டு மாதிரி. மனைவி மியூரியல் இருந்தவரை பின்னால் நின்று கோட்டைப் பிடித்து இழுப்பாள். அவள் போய் ஆறு வருடம். இழுக்க ஆளில்லை.

டாஃப்னியை அவருக்குத் தேடித் தந்ததும் அந்தக் கைதான். போன இலையுதிர்காலத்தில் ஒரு மாளிகையின் டீக்கடைப் புத்தகத்தில், "இங்கே தரும் ஸ்கோன் ரொட்டியைக் கொண்டு மேற்குக் கோபுரத்தைச் செப்பனிடலாம்" என்று எழுதினார் அல்லவா, பின்னாலிருந்து எட்டிப் படித்த ஒரு பெண்மணி சிரித்த சிரிப்பில் மூன்று மேஜைக் கோப்பைகள் குலுங்கின. எட்டு மாதமாக இருவரும் ஆளுக்கொரு காரில் வந்து மாளிகை மாளிகையாகப் பார்க்கிறார்கள். இன்று சனிக்கிழமை, நெதர் பார்டனில் உள்ள தன் வீட்டுக்கே டீக்கு அழைத்திருந்தாள். 'இனிமேல் ஒரே காரில் போகலாமா' என்று கேட்டுவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தார். அவர் வயதில் அதற்குப் பெயர் கல்யாணப் பேச்சு.

டீக்கு ஒரு மணி நேரம் இருந்ததால் கிராமத்து சர்ச்சுக்குள் நுழைந்தார். சனி அங்கேதான் காத்திருந்தது.

இப்போது டாஃப்னியின் கூடத்தில் எலுமிச்சைக் கேக்கை வாயில் வைத்தபடி சுவரைப் பார்த்தார். பூ அலங்காரப் போட்டி, முதல் பரிசு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மேலும் ஏழு.

"நம்ம சர்ச்சுக்குப் பதினெட்டு வருஷமா பூ வைக்கிறேன் கிளைவ். இன்னிக்கி உள்ள போனீங்களா?"

கிளைவ் கேக்கை அவசரமாக விழுங்கினார். "சும்மா... கூரையை மட்டும் பாத்தேன்."

"சாவி இந்த வாரம் என்கிட்டதான். அஞ்சு மணிக்குப் பூட்டப் போவேன். பார்வையாளர் புத்தகத்தை ஒரு வரி விடாம படிச்சிட்டுத்தான் பூட்டுறது. அது ஒரு கெட்ட பழக்கம் எனக்கு."

கிளைவ் கேக் தட்டைக் கீழே வைத்தார். அந்தப் புத்தகத்தின் இன்றைய பக்கத்தில், கடைசி வரியில், கொட்டை எழுத்தில் அவர் எழுதியிருந்தது இது: "கட்டடம் பதினான்காம் நூற்றாண்டு அற்புதம். பூ அலங்காரமோ முட்டைக்கோஸும் கோழியும் கட்டிப் புரண்ட இடம் போலிருக்கிறது. ஜெயித்தது கோழி."

மணி நாலரை.

"என் மழைக்கோட்டை அங்கயே விட்டுட்டேன்!" என்று எழுந்தார்.

"நான் போறப்ப எடுத்துட்டு வரேனே."

"இல்ல, அது... எங்கம்மா வாங்கிக் குடுத்தது!"

"அவ்ளோ பழசா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் வாசல் கேட்டைத் தாண்டியிருந்தார். மாற்று இடுப்பெலும்பு வைத்த மனிதர் ஓடிய ஓட்டத்தில் புல்வெளியிலிருந்த வாத்துகள் பக்கத்து மாவட்டத்துக்கே குடிபெயர்ந்தன.

சர்ச்சுக்குள் ஒரு கிழவர் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எர்னஸ்ட் என்று பெயர். மதியமே வாயைப் பிடுங்கியவர்.

"என்னய்யா, மறுபடியுமா? எங்க சர்ச்சு அவ்ளோ புடிச்சிப் போச்சா?"

"தூண்... தூணை அளக்கணும்."

"அளங்க, அளங்க. அது ஓடிடாது. நீங்கதான் ஓடி வந்திருக்கீங்க."

கிளைவ் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். கடைசி வரிதானே, கீழ்ப்பட்டையை மட்டும் கிழித்தால் போதும். அறுநூறு வருடத்துப் புனிதர்கள் அத்தனை பேரும் சன்னல் கண்ணாடியிலிருந்து அவரையே பார்த்தார்கள். ஒரு பெரிய இருமலை எடுத்து விட்டு, அந்தச் சத்தத்தில் சர்ரென்று கிழித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவன் கை சும்மா இருக்குமா? அடுத்த பக்கத்தில் எழுதினார்: "இந்தப் பூக்களைக் கண்டு கண்ணீர் விட்டேன். இதை வைத்த கைகளுக்கு முத்தமிடத் தோன்றுகிறது. கிளைவ் ஆட்டவே."

வெளியே சரளைக் கல்லில் காலடி. தாழ்ப்பாள் தூக்கிய சத்தம். போட்டிருந்ததோ கால்சட்டைப் பையை மறைக்கும் நீள ஸ்வெட்டர், கையிலோ காகிதப் பட்டை. கிளைவ் அதை வாயில் போட்டு மென்றார்.

"பசியா?" என்றார் எர்னஸ்ட். "ரெண்டு வீடு தள்ளி ஸ்கோன் கெடைக்குமே."

டாஃப்னி கையில் மழைக்கோட்டோடு நின்றாள். "எங்க வீட்டு ஆணியிலயே தொங்குது உங்கம்மா கோட்டு."

தேள் கொட்டிய திருடன் போல் கிளைவ் வாய் திறக்காமல் தலையை ஆட்டினார். கெட்டிக் காகிதம், அந்தக் காலத்துத் தரம். கண்ணில் நீர் முட்ட விழுங்கினார்.

அவள் புத்தகத்தைத் திருப்பினாள். படித்தாள். முகம் கல்லறைச் சிலை போலானது.

"முத்தமிடத் தோணுதா?"

"ஆமா டாஃப்னி. உங்க கையை..."

"என் கையா? வாசல்ல ஒட்டியிருக்கிற பட்டியலைப் பாக்கலையா? இந்த வாரம் பூ வைக்கிற முறை மார்ஜரி ஸ்பர்லிங்கோடது!"

மங்கிய லத்தீன் கல்வெட்டைப் பத்தடி தள்ளி நின்று படிக்கிறவர், வாசலில் கொட்டை எழுத்தில் இருந்த பட்டியலை மூன்று முறை தாண்டிப் போயிருந்தார்.

"ஈஸ்டருக்கு நான் வாங்கி வச்ச லில்லியை எடுத்து, தானே வச்சதா சொன்னவ அவ," என்றாள் டாஃப்னி. "காலையில வந்து பாத்தேன். பத்திக்கிட்டு வந்துது. யாரும் வாயைத் தெறக்க மாட்டாங்க, அமைதி அழகுன்னு எழுதிட்டுப் போவாங்க. கிளைவ் வராரு, அவரு ஒரு ஆளு உண்மையை எழுதுவாருன்னு இருந்தேன். உங்ககிட்ட எனக்குப் புடிச்சதே அதுதான். நீங்களும் இப்படி வழியிற ஆளுதானா?"

"நான் எழுதினேன் டாஃப்னி! சத்தியமா எழுதினேன்!"

"எங்க?"

சாட்சி வயிற்றில் இருந்தது. புத்தகத்தில் மிச்சமிருந்தது ஒரு கிழிந்த ஓரம், அதில் ஒரு எழுத்தும் இல்லை. நாற்பது வருடமாக எழுதிய உண்மையெல்லாம் ஊரெங்கும் கிடக்க, வேண்டிய ஒன்று மட்டும் குடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கோட்டை எடுத்துக்கங்க. வெளிச்சம் இருக்கிறப்பவே கெளம்பினா நல்லது." அவள் சாவியை எடுத்தாள். முழ நீள இரும்புச் சாவி. இந்தக் கதவு பூட்டினால் எல்லாமே பூட்டியதுதான் என்று கிளைவுக்குத் தெரிந்தது. எட்டு மாதமும், ஒரே காரும். ஏதாவது சொல்ல முயன்றார். இருமல்தான் வந்தது. இம்முறை நிஜ இருமல்.

"அசையாதீங்க," என்றாள் டாஃப்னி.

குருவி கூடு கட்டலாம் போன்ற அவருடைய மீசையில் ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நகமளவுக் காகிதம், கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: கோழி.

டாஃப்னி காகிதத்தைப் பார்த்தாள். பலிபீடத்தின் பக்கம் திரும்பி மார்ஜரியின் பூக்களை நெடுநேரம் பார்த்தாள்.

"மீதி?"

கிளைவ் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

அவள் சாவியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எர்னஸ்ட், அந்தத் தண்டைக் கீழ வச்சிட்டு நீங்களும் இப்படி வந்து உக்காருங்க," என்றாள். "கிளைவ், மெதுவா, எழுதினதை ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."