ஒரு முழம் மண்

ஈஸ்வரிக்குக் கோபம் வந்தால் வாய் அடங்கிவிடும், கை ஓயாது. அன்று காலை அந்தக் கை, காய்ந்து கிடந்த கொல்லையில் சாமை விதையை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

புருஷன் சந்திரன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். "உனக்கு இன்னா பைத்தியமா? மழைக்கு முன்ன எவனாவது வெதைப்பானா?"

அவள் திரும்பவே இல்லை. மலைப்பாதையோரம் ரிசார்ட் கட்டும் ஆதிநாராயணனுக்கு, புல்தரை போட மேல் மண் ஒரு முழம் தருவதாக இவன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். பதிலுக்கு ஒழுகுகிற வீட்டுக்கு அவர் தளம் போட்டுத் தருவாராம். ஒரு முழம் போனால் என்ன, கீழே மண்ணே இல்லையா என்பது அவன் நினைப்பு.

கீழே இருப்பதை ஈஸ்வரி பார்த்திருக்கிறாள். கிணறு வெட்டிக் கொட்டிய குவியல் வரப்போரம் அப்படியே கிடக்கிறது. எத்தனை மழை பெய்தும் அதில் ஒரு புல்பூண்டுகூட முளைக்கவில்லை. வெறும் சரளை. தண்ணீரும் தங்காது, வேரும் பிடிக்காது. மேலே இருக்கும் ஒரு முழத்தில்தான் பாறைப் பொடியோடு புளிய இலையும் சாணியும் மக்கிக் கலந்து, மண்புழு துளைத்த வழியில் காற்றும் ஈரமும் இறங்கும். மாடு கட்டி, கல் பொறுக்கி, வருஷக்கணக்கில் அவள் தேற்றிய மண். அதைப் புல் வளர்க்க அள்ளிக் கொடுப்பதா?

ஜேசிபி வந்தது. பின்னாலேயே பைக்கில் ஆதிநாராயணன். வண்டி ஓட்டிய கோகுல்ராஜ் பக்கத்து ஊர்ப் பையன். விதைத்த கொல்லையில் அறுப்பு முடியும்வரை வண்டி ஏற்றக் கூடாது என்பது அந்த மலை ஊர்களின் கட்டுப்பாடு; மீறினால் ஊர் ஒதுக்கிவிடும். விதையைப் பார்த்ததும் அவன் இன்ஜினை அணைத்தான்.

"வெதச்சிட்டாங்க சார். நான் ஏத்த மாட்டேன்."

"காஞ்ச மண்ணுல தூவுனா அது வெதப்பா? வேற டிரைவரைக் கூட்டியாறேன் இரு!"

"கூட்டினு வாங்க," என்றாள் ஈஸ்வரி. "நான் இங்கதான் நிப்பேன். என் மேல ஏத்திட்டு அப்புறம் மண்ணை அள்ளிக்கட்டும்."

ஆதிநாராயணன் சந்திரனை முறைத்துவிட்டு பைக்கைத் திருப்பினார். ஜேசிபியும் பின்னாலேயே போய்விட்டது.

சந்திரன் தலையில் கை வைத்தான். "மழை வரலன்னா வெத பூரா போச்சே!"

"வெத போனா பக்கத்து வூட்ல கேட்டு வாங்கிக்குவேன். மண்ணு போனா எந்த வூட்ல போய் கேக்கறது? நீயே சொல்லு."

அதற்குள் புறாக்கள் இறங்கி விதையைப் பொறுக்கத் தொடங்கியிருந்தன. சந்திரன் வைதுகொண்டே அவற்றை விரட்டினான். பிறகு, விதையை மூட ஏர் பூட்டுவதற்காக மாடுகளை அவிழ்க்கப் போனான்.