மூத்தார் நிரப்பிய கூடை

ஜூஜுவாடி ஓடைக்குப் பாலம் கட்ட டென்மார்க்கிலிருந்து ஹான்சன் துரை வந்தது ஐம்பத்தாறாம் வருஷம். அவர் காலையில் எத்தனை முட்டை சாப்பிடுகிறார் என்பது வரை எங்கள் தெருவுக்குத் தெரியும். கரையில் மண் ஏன் ஏறவில்லை என்பதும் தெரியும். துரைக்குத்தான் தெரியாது.

பாலத்துக்கு ஏறும் சாலைக்குக் கரை போட, அஞ்செட்டிப் பக்கமிருந்து பதினைந்து ஜோடிகள் வந்திருந்தார்கள். எல்லாம் ஒரே வம்சம். புருஷன் வெட்டுவான், கூடையை நிரப்பிப் பெண்டாட்டி தலையில் தூக்கிவைப்பான். போகிற போக்கில் ஒரு சண்டையும் நடக்கும். நாளுக்குத் தொள்ளாயிரம் கூடை ஏறியது.

அந்தச் சண்டையைத்தான் துரை வீண்பொழுது என்று நினைத்தார் போலிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை ஜோடிகளைப் பிரித்துவிட்டார். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எவன் கூடை நிரம்புகிறதோ, முன்னால் நிற்பவள் அதை எடுக்க வேண்டும். காகிதத்தில் ஆயிரத்து இருநூறு கூடை. கரையில் அறுநூறு.

முன்னால் நிற்பவளுக்கு எதிரே நிற்பவன் மாமனாராக இருப்பான், இல்லையென்றால் மூத்தார், அதாவது புருஷனுடைய அண்ணன். அவன் முகத்துக்கு நேரே நின்று தலையில் கூடை வாங்குவதாவது! கூடை தரையில் இருக்கும். அவன் வேறு பக்கம் பார்ப்பான். அவள் பின்னால் நகர்ந்து இன்னொருத்தியை முன்னே தள்ளுவாள்.

துரை கையில் கடிகாரத்தோடு, “ஏன்?” என்று கேட்டார். மொழிபெயர்க்க வந்த பெங்களூர் ராஜப்பன் அதை அப்படியே கேட்டார். மேஸ்திரி முனிவேல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “நாளைக்கு சரியாப் பூடும் தொரே” என்றார். மூன்று நாள், மூன்று தடவை.

வியாழக்கிழமை துரை முடிவாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமைக்குள் தொள்ளாயிரம் வராவிட்டால் மண் தள்ளும் எந்திரம் வரும். ஆட்கள் ஊருக்குப் போகலாம். ஊரில் அந்த வருஷம் கேழ்வரகு கருகிக் கிடந்தது.

“போய் இன்னாத்த திங்கறது?” என்று கூடைக்காரி மங்கம்மா புருஷனைக் கேட்டாள்.

“மேஸ்திரி பேசுவாரு” என்றான் எல்லப்பன்.

“அவுரு பேசித்தான் இங்க வந்து நிக்கறோம்.”

வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தபோது எதிரே எல்லப்பனின் அண்ணன் கரியப்பன். கூடையை வைத்துவிட்டு அவன் ஓடையை ரசித்தான். மங்கம்மா நகரவில்லை, பின்னால் எட்டுப் பேர் தேங்கினார்கள். பொறுமை போய்த் துரையே குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மங்கம்மா இரண்டடி பின்வாங்கினாள். அவர் இரண்டடி முன்வந்தார். மண்வெட்டிகள் நின்றுவிட்டன. மோர் விற்க வந்திருந்த நானும் பானையை இறக்கிவைத்துவிட்டேன்.

“ராஜப்பண்ணா, தொரைக்கு அண்ணந்தம்பிங்க கெடயாதா?” என்றாள் மங்கம்மா.

ராஜப்பன் இருமினாரே தவிர மொழிபெயர்க்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். சாலையோரம் நடுவதற்காக மைல்கற்கள் அடுக்கியிருந்தார்கள். “யோவ், அதுல ஒண்ண இங்க நிறுத்து” என்று எல்லப்பனை அதட்டினாள். இடுப்புயரக் கல் ஊன்றியதும், துரை கையிலிருந்த கூடையைக் கண்ணால் காட்டினாள். அவர் கல்மேல் வைத்துவிட்டு விலகினார். அவள் வந்து, முழங்கால் மடக்கி, தலையைக் கொடுத்து, தானே தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த கூடையைக் கரியப்பன் வைத்தான், விலகினான்.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் ஆறு கற்கள் நின்றன. சனிக்கிழமை தொள்ளாயிரத்து நாற்பது. எந்திரம் வரவில்லை. கற்கள் பெண்களின் இடுப்புவலிக்காக என்று ராஜப்பன் துரைக்கு விளக்கம் சொன்னாராம், பெங்களூர் நாகரிகம்.

அன்று துரை ஒன்றுதான் கேட்டார்: முதல் நாளே ஏன் சொல்லவில்லை?

“தொர கேக்கலீங்களே” என்றார் முனிவேல்.

கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த மங்கம்மா நிமிரவில்லை. “மூணு வாட்டி கேட்டாரு, சித்தப்பா.”

இதையும் ராஜப்பன் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை துரை கேள்வி கேட்க மேஸ்திரியிடம் போகவில்லை. ராஜப்பனை இழுத்துக்கொண்டு நேராகக் கூடைக்காரிகளிடம் வந்தார்.