குத்தகைக்குப் போன நிழல்

2003ஆம் வருடம் சித்திரை மாதம் எட்டு வீடுகள் ஒட்டிக் கட்டிய மார்க்கெட் லைன் வீட்டை நகராட்சி இடித்து, கல்லையும் உத்திரத்தையும் லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும், அதன் நிழல் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் உச்சி வெயிலில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் அங்கே துண்டை விரித்துப் படுத்து, அரை மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்து, அண்ணாந்து பார்த்த பிறகுதான் பயந்தார். மேலே ஒன்றுமே இல்லை. கீழே எட்டு வீடுகளின் நிழலும் அப்படியே கிடந்தது. சுவர் நின்ற இடம் கறுப்புக் கோடாகவும், அறைகள் வெளிறிய இருட்டாகவும், தெருவாசல் ஒரு துண்டு வெளிச்சமாகவும், மாடிப்படி படிப்படியாகவும் தரையில் தெரிந்தன. வெயில் நகர்ந்தது, நிழல் நகரவில்லை. எங்கள் ஊர் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருப்பது. பங்குனி பிறந்துவிட்டால் நாய்கூட மின்கம்பத்தின் நிழலுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கும் ஊர். அதனால் பயம் ஒரு நாளைக்கு மேல் தாங்கவில்லை. மூன்றாம் நாள் நிழலில் இடம் பிடிக்கச் சண்டை வந்தது.

இடிக்கச் சொன்னவர் நகராட்சி உதவிப் பொறியாளர் ஸ்ரீமதி. சின்ன வயது, சிரிக்கத் தெரியாத பெண் என்று ஊரில் பெயர். லைன் வீட்டுச் சுவர் விரிசலில் கையை விட்டுப் பார்த்தார், முழங்கை வரைக்கும் போனது. கையைத் தட்டிக்கொண்டு, ‘மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டுக் குடும்பங்களும் அவரைத் திட்டிக்கொண்டே காலி செய்தன. அந்த இடத்தில் மூன்று மாடி வணிக வளாகம் வரும், ஊர் நடுவே ஒரு களை வரும் என்று நகராட்சி சொல்லியிருந்தது. ஆனால் அந்த வருட நிதியைப் பாதாளச் சாக்கடை விழுங்கிவிட்டது. தோண்டிய இடமெல்லாம் பாறை. ஆமத்தூர் போகும் ரோட்டில் மட்டும் நான்கு மாதம் வெடி வைத்தார்கள். வளாகத்தை எல்லோரும் மறந்துபோனார்கள்.

லைன் வீட்டைக் கடைசியாகக் காலி செய்தவர் ஆறாம் நம்பர் மாடிவீட்டு முகம்மது நூகு. சிவகாசியிலிருந்து காலண்டர் வாங்கி வந்து கடை கடையாக விற்பவர். அவர் மனைவி ஹஸ்னா அதற்கு இரண்டு வருடம் முன்பே நெஞ்சுவலியில் இறந்துபோயிருந்தாள். உயிரோடு இருந்தவரைக்கும் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு மாடி வராந்தாவின் கம்பியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, அவர் தேநீருக்கு வருகிறாரா என்று தெருவைப் பார்த்து நிற்பாள். வீடு இடித்துப் பன்னிரண்டு நாள் கழித்து நூகு அந்தப் பக்கமாக வந்தார். மணி நான்கு. வராந்தாக் கம்பியின் நிழல் தெருவில் நீண்டு விழுந்திருந்தது. அதில் முக்காடு போட்ட ஒரு பெண்ணின் நிழல், இரண்டு முழங்கையையும் ஊன்றி நின்றிருந்தது. தலையை லேசாக இடது பக்கம் சாய்த்திருந்த விதத்திலேயே நூகுவுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து மணிக்கு அது உள்ளே போகும்வரை பிடித்து வைத்த மாதிரி நின்றார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். எதையும் விட்டுவைக்காமல் கேலி பேசும் ஊர் எங்களுடையது. ஆனாலும் நான்கு மணிக்கு அந்தத் தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி, கம்பி நிழலை மிதிக்காமல் ஓரமாக உருட்டிக்கொண்டு போனார்கள்.

நகராட்சிக்குச் சொந்தமான புளியமரம், பேருந்து நிலையக் கழிப்பறை, ஆட்டுச்சந்தை எல்லாவற்றையும் வருடா வருடம் குத்தகை ஏலம் விடுவது வழக்கம். மறு வருடம் அந்தப் பட்டியலில் நிழலும் சேர்ந்தது. நகர்மன்றத் தலைவர் பத்திரகாளி அம்மாள் தீர்மானத்தைப் படித்தபோது ஒரு உறுப்பினரும் எழுந்து ஆட்சேபிக்கவில்லை. பட்டாசு ஏஜெண்டு ரத்தினசாமி ஏலம் எடுத்தார். கணக்கு அவருக்குச் சுலபம்: சுவர் இல்லை, கூரை இல்லை, ஆகவே அது கட்டடம் இல்லை. கட்டடம் இல்லையென்றால் லைசென்சும் இல்லை, சோதனைக்கு ஆளும் வரமாட்டார்கள். நூகு வாழ்க்கையில் முதல்முறையாக நகராட்சிக்கு ஒரு மனு எழுதினார். பத்திரகாளி அம்மாள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“பாய், நீங்க உக்காருங்க. உங்களுக்கு அந்த மாடி வராந்தா மட்டும் போதும்ல?”

“போதும்மா. அங்கன யாரும் சாமான் வைக்காம இருந்தாச் சரி.”

‘மாடி வராந்தா நீங்கலாக’ என்று குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். ரத்தினசாமியும் மறுக்கவில்லை. வராந்தா நிழல் விழுவது தெருவில், அவருக்கு வேண்டியது உள்ளே.

பதினோரு பெண்கள் அந்த நிழலுக்குள் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டினார்கள். வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். முதல் வாரம் சிரித்துக்கொண்டே சுவர்நிழலைக் குறுக்கே தாண்டினார்கள். பிறகு அது கூச்சமாக இருந்தது. அடுத்தவர் வீட்டுச் சுவரைக் கிழித்துக்கொண்டு போவதுபோல இருக்கிறது என்று சுப்புத்தாய்தான் முதலில் சொன்னாள். அதிலிருந்து எல்லோரும் வாசல் வெளிச்சத்தின் வழியாகவே வரவும் போகவும் ஆனார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பழக்கம் காலில் ஊறிவிட்டது. தண்ணீர்க்குடம் சுவருக்கு அந்தப் பக்கம் கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்த்தான் குடித்தார்கள். ஸ்ரீமதி ஒருநாள் ஓரமாக நின்று இதைப் பார்த்தார். அலுவலகம் திரும்பி, பதினோரு பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரே வாசல் இருக்கிறது, நான்கு பக்கமும் வாசல் வேண்டும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார்.

நகர்மன்றம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு வெளித் தெருவரை கேட்டது. பத்திரகாளி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஏம்மா, நெழலுக்குக் கதவு வைக்கணும்னா நான் ஆசாரியக் கூப்பிடவா, சூரியனக் கூப்பிடவா? சொவரே இல்லாத எடத்துல நாலு பக்கமும் வாசல்தானம்மா.”

“அது உங்களுக்குத் தெரியுது மேடம். அவுக காலுக்குத் தெரியலையே,” என்றார் ஸ்ரீமதி. அறிக்கை கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

2005ஆம் வருடம் ஆவணியில் வளாகத்துக்கு நிதி வந்தது. தீபாவளி கழிந்ததும் அடிக்கல் என்று அறிவித்தார்கள். பெரிய கட்டடத்தின் நிழல் விழுந்தால் அதற்குள் பழைய நிழல் கரைந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நூகு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், பேச்சையும் குறைத்துக்கொண்டார். ஒருநாள் ஸ்ரீமதியின் மேசை முன்னால் வந்து நின்று, “கட்டடம் வந்துட்டா அவ எங்கன நிப்பாம்மா?” என்று மட்டும் கேட்டார். ஸ்ரீமதி வரைபடத்தை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்தார். ஒருமுறை மனைவியைக் குழிக்குள் இறக்கியவர், இன்னொரு முறையும் அவளைப் பறிகொடுக்கப் போகிறார்.

தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. ரமலான் நோன்பும் நடந்துகொண்டிருந்தது. சீசன் நெருக்கடியில் ரத்தினசாமி லேபிளோடு நிறுத்தாமல் திரிக்கட்டுகளையும் மருந்து அடைத்த வெடிகளையும் கொண்டுவந்து வாசல் ஓரம் அடுக்கியிருந்தார். நான்கு மணி அடித்து ஐந்து நிமிடம் ஆனபோது ஒரு திரிக்கட்டை யாரோ தரதரவென்று இழுத்தார்கள். பொறி பறந்து, வாசல் வெளிச்சத்தில் புகை எழுந்தது. பதினோரு பெண்களும் வாசலுக்கு ஓடி, தீயைப் பார்த்துத் திரும்பி, ஒரு மூலைக்கும் மறு மூலைக்குமாக அலைமோதினார்கள். நாலு பக்கமும் திறந்த வெட்டவெளியில் நின்றுகொண்டு, சுவர் இருந்த இடத்தில் கையை வைத்து அறைந்து அழுதார்கள். தெருவில் நின்ற நூகு, “சொவரு இல்ல தாயி, வெளிய வாங்க, வெளிய வாங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர்களுக்குக் கேட்டது. கால்தான் கேட்கவில்லை.

அப்போது நூகு பார்த்தார், தெருவில் வராந்தாக் கம்பி நிழல் காலியாக இருந்தது. ஹஸ்னாவின் நிழல் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டுவலிக்காரி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்கினாள். முன்னால் எரிவதையும் பொருட்படுத்தாமல் பெண்களின் நடுவே நடந்து, வடக்குச் சுவரின் கறுப்புக் கோட்டை நேராகக் கடந்து, வெயிலுக்குள் போய் நின்றாள்.

“ஏட்டி, பாயம்மா சொவத்துக்குள்ள போகுது பாருங்கட்டி!” என்று கத்திக்கொண்டே சுப்புத்தாய் அவள் பின்னால் ஓடினாள். மற்ற பத்துப் பேரும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கடைசிப் பெண்ணின் கால் கோட்டைத் தாண்டிய பிறகுதான் வெடிகள் வெடித்தன.

அச்சங்குளம் வரைக்கும் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஒருவருக்கும் காயமில்லை. நிழல்தான் எரிந்தது. காகிதம் எரிவது போல ஓரம் சிவந்து, நடுவில் ஓட்டை விழுந்து, அறை அறையாக, கடைசியில் மாடிப்படியும் வராந்தாவும். ஐந்து மணிக்கு அங்கே வெறும் பொட்டல் வெயில். நூகு வடக்குப் பக்கம் வந்து, பெண்களோடு நின்றார். இனி நான்கு மணிக்கு எங்கே போவது என்று மட்டும் நினைத்தார்.

சுப்புத்தாய்தான் அவர் கையைத் தொட்டாள். “பாய், கீழ பாருங்க.”

அவர் காலடியிலிருந்து இரண்டு நிழல்கள் நீண்டிருந்தன. ஒன்று தொப்பி போட்டது, மற்றொன்று முக்காடு போட்டது. திரும்பிப் போக வீடில்லாத ஹஸ்னா வேறெங்கே போவாள்? நூகு ஓரடி எடுத்து வைத்தார், அவளும் வைத்தாள். அன்றைக்குப் பள்ளிவாசலில் நோன்பு திறக்க அவர் உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்தவர் சற்றுத் தள்ளி இரண்டு பேருக்கு இடம் விட்டார்.

ரத்தினசாமியின் குத்தகை ரத்தானது. போலீசும் அவரைக் கொஞ்ச நாள் அலையவிட்டது. சேத விவரத்தில் ‘நிழல் ஒன்று’ என்று எழுதி, நகர்மன்றம் ஒருமனதாக ஏற்றது. நகராட்சி எல்லைக்குள் நிழலாகவே இருந்தாலும் நான்கு வாசல் இருக்க வேண்டும் என்ற தீர்மானம் அதே கூட்டத்தில் நிறைவேறியது. இன்றைக்கும் அமலில் இருக்கிறது. வளாகத்தை 2007இல் திறந்தார்கள். பாதாளச் சாக்கடை இன்னும் முடியவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து தெருவில் நூகு முன்னால் போவார், ஹஸ்னா இரண்டடி பின்னால் வருவாள். பேச வேண்டுமென்றாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார், அந்தக் காலத்துப் பழக்கம். இப்போது அவர் காலையில் மேற்குத் தெருவுக்கும் சாயங்காலம் கிழக்குத் தெருவுக்கும் மட்டுமே காலண்டர் விற்கப் போகிறார். அப்படிப் போனால்தான் வெயில் முதுகில் விழும், அவள் முன்னால் நடப்பாள், அவளைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் போகலாம். கிழக்குத் தெருக்காரர்கள் எம்புட்டு அவசரமானாலும் காலண்டருக்குச் சாயங்காலம் வரை காத்திருக்கிறார்கள்.